வெட்டி எறிந்த ஓரம்

யுத்த காலத்தில் சேலம் அஸ்தம்பட்டியில் கேமரா பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்தே பழுதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால், கேமராவுக்குள் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது என்று பொருள். எந்த வழியாக என்பதை நெகடிவ் காட்டிவிடும். படத்தைச் சுற்றி ஃபிலிமில் ஒன்றும் பதியாத ஓரம் இருக்கும். பின்கதவைத் திறந்ததால் வெளிச்சம் பட்டிருந்தால், கறை அந்த ஓரத்திலும் பரவியிருக்கும். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடிந்து விரியும் தோல் துருத்தியில் ஓட்டை என்றால், கறை படத்தின் விளிம்போடு நின்றுவிடும்.

ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கும் பாய் ஒருவர் எனக்கு வாடிக்கையாளர். அவருடைய துருத்தியின் மேல்மடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தது. ரப்பர் பசை அப்போது கிடைக்கவில்லை. எடப்பாடி நெசவாளர்கள் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, கறுப்புத் துணி வைத்து ஒட்டினேன். கஞ்சிப் பசையில் மயில்துத்தம் கலக்காவிட்டால் கரப்பான் தின்னும். எனக்கும் அது தெரியும். அன்று கடைக்குப் போகச் சோம்பலாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பாயும் பனமரத்துப்பட்டி விவசாயி ஒருவரும் என் கடைக்கு வந்தார்கள். விவசாயியின் மகன் பட்டாளத்துக்குப் போகும் நாளில், பாய் கடைசியாக மிஞ்சியிருந்த ஃபிலிமில் அவனை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். படத்தில் பையனின் சட்டைப் பொத்தான் வரை தெளிவாக இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புகை.

"அவங்கம்மா மூணு நாளாச் சோறு திங்கலீங்க. மூஞ்சி அழிஞ்சு போச்சே, பையன் திரும்ப மாட்டானாட்டம்னு அழுவறா" என்றார் விவசாயி.

"நான் பெட்டியத் தொறக்கவே இல்லீங்க சாமி" என்றார் பாய் என்னிடம்.

"தொறக்காத பெட்டிக்குள்ள வெயிலு எப்படிப் போச்சு? வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டியா?" என்று விவசாயி அவரிடம் எகிறினார்.

நெகடிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கறை விளிம்போடு நின்றிருந்தது. பாயின் கேமராவோடு பின்பக்க அறைக்குப் போய்த் துருத்தியை விரித்தேன். நான் ஒட்டிய துணியை மூலையிலிருந்து கரப்பான் அரித்திருந்தது. மேலே ஓட்டை என்றால் வெயில் ஃபிலிமின் அடிப்பாகத்தில் விழும். கேமராவுக்குள் உருவம் தலைகீழாக இருப்பதால், அங்கேதான் முகம் இருக்கும்.

கத்தரியை எடுத்து நெகடிவின் கறை படாத ஓரத்தை நான்கு பக்கமும் வெட்டினேன். வெளியே வந்து, "பின்கதவை வெயிலில் திறந்ததால் வந்தது. வேறு ஒன்றுமில்லை" என்றேன்.

அந்தத் தாய்க்கு ஆறுதல் கிடைக்குமே என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பிசகு என்று சொல்லியிருந்தாலும் அதே ஆறுதல் அவளுக்குக் கிடைத்திருக்கும்.

அதன்பின் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாயை ஒரு கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. ஆறேழு மாதம் கழித்துக் கேமராவை விற்க அவர் என்னிடமேதான் வந்தார். துருத்தியை நான் அன்றே சரியாக ஒட்டியிருந்தேன், அவரிடம் சொல்லாமல்.

"எப்பத் தொறந்தேன்னு ரோசன பண்ணிப் பண்ணிப் பாக்கறேன் சாமி. நெனப்புக்கே வரமாட்டேங்குதுங்க. ஆனா நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான இருக்கும்" என்றார்.

அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது.

"சில சமயம் மறந்துபோகும் பாய்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கேமராவை என் மேஜையில் வைத்தார். பையன் யுத்தம் முடிந்து திரும்பி வந்தான் என்று கேள்விப்பட்டேன். பாயை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.