வாயாடிப் பலகை

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு யார் பட்டம் கொடுப்பார்கள் என்கிறீர்களா? பதுளையில் என் மகள் படிக்கிற மிஷன் பள்ளிக்கூடம்தான் கொடுத்தது!

நான் பேசுகிற லட்சணம் வழக்கமான வாசகர்களுக்குத் தெரியும். இறங்க வேண்டிய இடம் வந்தாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஹோல்டில் இறங்கி நடந்து வருகிற ஆள்.

மகள் செல்வி மூன்றாம் வகுப்பு. அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். கடைசி மணி இன்னும் அடிக்கவில்லை. நல்ல மழை. தேயிலைத் தோட்டத்துப் பழக்கம் லேசில் போகுமா? துரையைக் கண்டால் செய்வதுபோல, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விறாந்தைக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நின்றேன்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து அம்மா.

"என்ன இது, மழைக்குள்ள நிக்கிறியள்? உள்ளுக்கு வந்து இருங்கோ!"

கடைசி பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் தாடையைத் தொட்டது. அப்போதுதான் பார்த்தேன் — அவள் கழுத்தில் ஒரு மரப்பலகை. அதில் 'வாயாடி' என்று எழுதியிருந்தது.

அந்தப் பலகையின் கதையை வீட்டில் தினமும் கேட்கிறேனே! கை தூக்காமல் பேசினால் கழுத்தில் விழும். வேறு யாராவது பேசினால் அவருக்கு மாறும். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ, அவருக்கு கிறிஸ்மஸுக்குப் போடுகிற நத்தார் நாடகத்தில் இடமில்லை.

செல்விக்கு அதில் தேவதூதன் வேஷம். இறக்கைகூட ரெடி. தேயிலைப் பெட்டிக்குள் வைக்கிற ஈயத்தாளில் நானே செய்தது...

மணியடிக்க ஐந்து நிமிஷம். முப்பது பிள்ளைகள் — மூச்சுச் சத்தம் இல்லை. ஒருவன் தும்மலைக்கூட இரண்டு கையாலும் அமுக்கினான். பிறகு பலகை எப்படி மாறும்?

செல்வி என்னைப் பார்த்தாள். கண்ணீர் ஒரு சொட்டு பலகையில் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. காதோரம் குனிந்தேன்.

"என்னாச்சு தங்கம்?"

அவ்வளவுதான். செல்வி கழற்றி மாட்ட, பலகை என் கழுத்தில்!

"டீச்சர், அப்பா பேசிட்டாங்க!" — மறக்காமல் கையைத் தூக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"அது செல்லாது! அவரு நம்ம கிளாஸே இல்ல!" — முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன் துள்ளி எழுந்தான். ஏரோது ராஜா வேஷக்காரன். சொல்லி முடித்த பிறகுதான் தானும் கை தூக்கவில்லை என்று அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினால் ராஜாவின் கதி?

பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மணி அடித்தது.

டீச்சர் முகத்தில் சிரிப்பே இல்லை. "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், ஐயா. இந்த முறை நீங்கள் நாடகத்தில நடிக்க ஏலாது. பலகையைத் திங்கக்கிழமை கொண்டுவந்து தாங்கோ."

நாடகத்தில் நடிக்க வேண்டாமாம்! இத்தனை இனிப்பான தண்டனை என் ஆயுசில் கிடைத்ததில்லை.

வீட்டுக்குப் போகிற ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் செல்வியிடம் கேட்டேன். "ஏம்மா அப்புடி அழுத?"

"அழுதாத்தானே நீங்க வாயத் தொறப்பீங்க!"

சட்டம் போடுகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் உங்கள் சட்டத்தை மீறுகிறார்கள் என்று கவலைப்படாதீர்கள். போட்ட உங்களைவிட அவர்கள்தான் அதை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள்.

லயத்து வீட்டில் மனைவி பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷமா ஒங்கள கட்டிக்கிட்டு இருக்கேன். எங்கிட்ட பேசாததையா அங்க போயி பேசுனீங்க?"

பதில் சொல்வதற்கு முன்னால்... கையைத் தூக்கினேன்.