சாராள் என்று தேடினேன்

2024 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. போகி. பனியும் புகையும் கலந்து, என் வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கதவு தெரியாத மூட்டம். காற்று கொஞ்சமும் அசையவில்லை. தெருவெல்லாம் டயர் எரிந்த நாற்றம். போன மாதம் வெள்ளத்தில் ஊறிப்போன மெத்தை, பாய், தலையணை எல்லாவற்றையும் ஜனங்கள் அன்றைக்குத்தான் கொளுத்தினார்கள். திருவொற்றியூரில் நாற்பத்தைந்து வருடமாக இருக்கிறேன். இப்படி ஒரு போகியை நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் என் மனைவி வீட்டில் இல்லை என்பதைக் கண்டேன்.

கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாளுக்கு மேல் நான் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்த கயிறு தரையில் கிடந்தது. அவள் செருப்பு அங்கேயே இருந்தது. வெறுங்காலோடு போயிருக்கிறாள்.

என் மனைவிக்கு அறுபத்தொன்பது வயது. நாலு வருடமாக மறதி நோய். முதலில் உப்பு போட்டோமா என்பது மறந்தது. பிறகு மகனுடைய கல்யாணம் மறந்தது. கடைசியில் என்னை மறந்தாள். என்னை "சார்" என்று கூப்பிடுவாள். "சார், நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?" என்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது கேட்பாள். இதுதாம்மா என் வீடு என்பேன். மரியாதைக்குச் சிரிப்பாள். இருவர் இருக்கிற வீட்டில் ஒருவன் தனியாக இருப்பது எப்படி என்று அந்த நாலு வருடத்தில் தெரிந்துகொண்டேன். மகன் துபாயில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் போனில் முகம் காட்டுவான். "யாரு இந்தப் பையன், நல்லா இருக்கானே" என்பாள்.

சகோதர சகோதரிகளே, எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது விளங்கும்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். நான் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணுவதுதான் வேலை. முப்பத்துநாலு வருடம் எண்ணினேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அவள் வியாசர்பாடி. இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். கூட வேலை செய்த ஒரு பெண்ணோடு ஜெபக்கூட்டத்துக்குப் போய், இருபத்திரண்டாம் வயதில் தானாக ஆண்டவரை ஏற்றுக்கொண்டாள். ஞானஸ்நானத்தில் சாராள் என்று பெயர் வைத்துக்கொண்டாள். பொட்டு, பூ, வளையல், வாசலில் கோலம், நாலையும் அவளே விட்டாள். யாரும் சொல்லி விடவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கும் அவளுக்கும் எங்கள் சபையில் கல்யாணம் பேசினார்கள்.

எங்கள் தெருவில் பதினேழு வீடு. மார்கழி வந்தால் பதினாறு வாசலில் கோலம் இருக்கும். எங்கள் வாசலில் தண்ணீர் தெளித்த ஈரம் மட்டும் இருக்கும். அதற்காக யாரும் எங்களை ஒதுக்கியதில்லை. எதிர்வீட்டார் பொங்கலன்று சாமிக்குப் படைப்பதற்கு முன்பே எங்களுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். "படைக்காத பொங்கல்தான், சாப்பிடுங்க" என்று சொல்லிக் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கேக் அந்த வீட்டுக்குப் போகும். இப்படித்தான் இருந்தோம்.

அன்று காலை அவர்களும் என்னோடு தேடினார்கள். எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, மீன் மார்க்கெட், பஸ் நிற்கும் இடம். புகையில் ஆள் முகம் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. எண்ணூர் சாலைப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் ரயில் பாதை. லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் சாலைப் பக்கம் ஓடினேன். தண்டவாளத்தை எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்க்காமல் வரவும் முடியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். மரியாதையாக உட்கார வைத்து, அங்க அடையாளம் கேட்டார்கள். நான் சொன்னதை எங்கள் சபையைச் சேர்ந்த ஆட்டோக்காரர் ஸ்டீபன் தம்பி போனில் அடித்து, எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பினார். "காணவில்லை. பெயர் சாராள். வயது 69. வெள்ளைச் சேலை. நெற்றியில் பொட்டு இருக்காது. தலையில் பூ இருக்காது. கையில் வளையல், கழுத்தில் நகை இருக்காது."

இருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சபைக்குத்தான் போயிருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்டீபன் ஆட்டோவில் ராயபுரம் வரைக்கும் ஒவ்வொரு சபையாக ஏறி இறங்கினோம். வாசலில் நிற்கிற வெள்ளைச் சேலையை எல்லாம் பார்த்தேன். ஒவ்வொருவரும் திரும்பும்போது வேறு முகம்.

ஒன்பதே கால் மணிக்கு எங்கள் சபைக்கு வந்தோம். ஆராதனை தொடங்கியிருந்தது. உள்ளே பாஸ்டர் "சகோதரி சாராளுக்காக" என்று ஜெபிப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. அத்தனை பேரும் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே செருப்புகள் கிடக்கிற இடத்தில், சுவரோரமாக முழங்கால் போட்டேன்.

எனக்கு ஜெபத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நன்றி, பிறகு சபை, பிறகு தேசம், பிறகு குடும்பம், கடைசியில் எனக்கு. ஐம்பது வருடமாக இந்த வரிசை மாறியதில்லை. அன்றைக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே" என்றேன். அடுத்த வார்த்தை இல்லை. செத்துப்போயிருந்தால் எனக்குச் சொல்லிவிடும் என்று கேட்க நினைத்தேன். அதுவும் வரவில்லை. வாய் திறந்தது, நான் நினைக்காத ஒரு பெயர் வந்தது.

"செண்பகம்... செண்பகம்..."

அது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர். கல்யாணப் பதிவில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அவளை அப்படி நான் கூப்பிட்டதே கிடையாது. அதை நானாக யோசித்துச் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நான் சத்தியமாகச் சொல்வேன். அழுதுகொண்டே அந்தப் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்டீபன் என் தோளைத் தொட்டார். அவர் முகத்தில் ஒரு சங்கடம். "ஐயா, கேக்கறனேன்னு தப்பா நெனக்காதீங்க. அம்மாவத் தேட வந்துட்டு யாரு பேரச் சொல்லி அழுவுறீங்க?"

"அவ பேருதான் தம்பி. சின்ன வயசுப் பேரு."

"இன்னா ஐயா நீங்க! அத்த முதல்லயே சொல்ல வாணாமா? புருசனயே மறந்துட்டவங்களுக்கு நடுவுல வெச்ச பேரா ஞாபகம் இருக்கும்?"

அங்கேயே நின்று மறுபடியும் ஒரு செய்தி அனுப்பினார். பெயர் கேட்டால் செண்பகம் என்றும் சொல்லலாம் என்று. ஆராதனையில் காணிக்கைப் பாட்டு தொடங்கவில்லை, அதற்குள் போன் வந்தது. சடையங்குப்பத்திலிருந்து ஒரு பெண்.

"யாரு சார், ஆயாவக் காணோம்னு போட்டது? இங்க ஒரு ஆயா கீது. பேரு செண்பகம்னுது. காலையிலயே உங்க மெசேஜ் பார்த்தோம். உன் பேரு சாராளான்னு கேட்டா இல்லன்ட்சி. பொட்டும் இருக்காது பூவும் இருக்காதுன்னு வேற போட்டுகீறீங்க. இது ரெண்டும் வெச்சிகினு ஜம்முனு கீது. வேற யாரோன்னு வுட்டுட்டோம்."

போனை ஸ்டீபனிடம் கொடுத்துவிட்டேன்.

சடையங்குப்பம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர நடை. ரயில் பாதையையும் பெரிய சாலையையும் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் புகையில் எப்படிப் போனாள், யார் கையைப் பிடித்துக் கடந்தாள், இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவளை அங்கே அனுப்பிய ஆண்டவர் அறிவார்.

நாங்கள் போனபோது அந்தத் தெருச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளக் கறை காயாமல் இருந்தது. ஒரு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் என் மனைவி குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை முழங்கால் வரை சேறு. நெற்றியில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. தலையில் மல்லிகைப் பூ. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்.

போன் செய்த பெண்ணின் பெயர் கன்னியம்மா. மணலியில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவர். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அந்த வூட்டுக்காரரு? இன்னா சார் நீ, பொண்டாட்டிய இப்பிடியா வுடுவ? காலங்காத்தால நான் கோலம் போட்டுகினு கீறேன். பின்னாடி வந்து நிக்குது. 'புள்ளி தப்பு'ன்னுது! பார்த்தா நெத்தி காலி, கை காலி, வெள்ளப் பொடவ. புருசன் செத்துட்டாரு போலன்னு நெனச்சேன். வூட்டுக்காரரு கீறாராம்மான்னு கேட்டேன். 'கீறாரு, எங்கயோ எண்ணிகினு கீறாரு'ன்ட்சி. அட, கீறாருன்னா நாளும் கெழமையுமா நெத்திய இப்பிடியா வெச்சிருக்கறது? நான்தான் வெச்சி வுட்டேன்."

எண்ணிகினு கீறாரு. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எண்ணுகிற ஒரு புருஷன் உண்டு என்பது தெரிந்திருக்கிறது.

நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனேன். நெற்றியைத் துடைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். அவள் தலை நிமிராமல், "மிதிக்காதீங்க சார், புள்ளி அழிஞ்சிடும்" என்றாள். குனிந்து பார்த்தேன். கை தானாக எண்ணத் தொடங்கியது. நடு வரிசையில் பதினைந்து புள்ளி. மேலும் கீழும் இடைப்புள்ளி வைத்து ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டில் நின்றது. எல்லா வரிசையும் எண்ணினேன். ஒன்றும் தப்பவில்லை. பெற்ற பிள்ளையை மறந்தவள், நாற்பத்தேழு வருடமாகத் தொடாத ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். கைக்குட்டையால் என் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டேன்.

அப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு ஒரு நப்பாசை. என்னங்க என்று கூப்பிடுவாள் என்று நின்றேன்.

"கன்னியம்மா, இந்த சார் யாரையோ தேடிகினு வந்துகீறாரு. பாவம், அழுவுறாரு. தண்ணி குடு" என்றாள்.

தண்ணீர் வந்தது. குடித்தேன்.

"செண்பகம்" என்றேன். "இன்னா?" என்று எழுந்து வந்தாள். என்னை மறந்த பிறகு நான் கூப்பிட்டு அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

நேராகச் சபைக்குத்தான் போனோம். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஸ்தோத்திரம் சொல்லி அழுதவர்கள் பலர். ஒரு மூப்பர் மட்டும் பொட்டையும் பூவையும் பார்த்துவிட்டு, "பிரதர், இதென்ன கோலம்?" என்றார். "பதினைந்து புள்ளிக் கோலம்" என்றேன். அவர் கேட்டது வேறு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பாஸ்டர் குறுக்கே வந்து, "முதல்ல நன்றி சொல்லுவோம். மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

என் விசுவாசம் மாறவில்லை. ஆராதிப்பது ஒருவரைத்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் என் மனைவி கைப்பிடி மாவை எடுத்துத் தரையில் புள்ளி வைப்பதை ஆண்டவர் கோபத்தோடு பார்க்கிறார் என்று இனி என்னால் நம்ப முடியாது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவில்தான் அவளை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். பெயர் வைத்தவர்களும் பொட்டு வைத்தவரும் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவர்களையும் அவர் பயன்படுத்தினார்.

இப்போது விடியற்காலையில் கயிற்றை நானே அவிழ்க்கிறேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறேன். செண்பகம் கோலம் போடுகிறாள். பொட்டு அவள் கேட்டால் வைக்கிறேன், கேட்காத நாளில் இல்லை. எங்கள் தெருவில் இப்போது பதினேழு கோலம். அவளுக்கு நான் இன்னும் சார்தான். அன்று ஆண்டவரிடம் அவளைக் கேட்டேன், கொடுத்தார். அவள் ஞாபகத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டு வேளை இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூப்பிட்டால் ஒரு ஆள் திரும்புகிற வீட்டில் இருக்கிறேன்.

இதைப் படிக்கிற யாராவது, பக்கத்திலேயே இருக்கிற ஒருவரைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஜெபிக்க வார்த்தை வராமல் இருக்கலாம். வராவிட்டால் போகட்டும், முழங்கால் போடுங்கள். நம் வாயில் என்ன வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். அன்று கன்னியம்மா கையில் ஐயாயிரம் ரூபாய் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "வளையல் என்னுது, இருக்கட்டும். குங்குமத்துக்குக் காசு வாங்கக் கூடாது. பூ மட்டும் பூக்காரிகிட்ட கடன் சொல்லி வாங்கினேன். பொங்கலுக்கு மொதோ நாளு, முழம் எம்பது ரூவா. அத்தக் குடு. உன் பொண்டாட்டி பூவுக்கு நான் ஏன் சார் கடன்காரி ஆவணும்?" என்றார். கொடுத்தேன். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் அவளுக்கு நான் வாங்கிய முதல் பூ. ஆட்டோவுக்கு ஸ்டீபன் வேண்டாம் வேண்டாம் என்றார், வண்டிக்கு கேஸ் நிரப்பவாவது இருக்கட்டும் என்று நானூறு கொடுத்தேன். ஆக மொத்தம் நானூற்று எண்பது ரூபாய்.