முகங்களுக்குப் பெயர் எழுதியது யார்?

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. ஆனால் இது நடந்தது. காரிமங்கலத்தில், எங்கள் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. என் அண்ணி சுசித்ராவும் கூடவே இருந்தார்.

எங்கள் வீட்டில் படங்கள் பெருகிக்கொண்டே போயின. அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம், என் காதுகுத்து கேசட், அண்ணன் மாதேஷின் கல்யாண வீடியோ, நாலு போன்களில் நிரம்பி வழிந்த போட்டோக்கள். ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் தன் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினான். அதை மாடிப்படிக்கு அடியில் வைத்தான். அதற்கு மானிட்டர் கிடையாது. கீபோர்டும் கிடையாது. கரண்ட் வயரும் நெட் வயரும் மட்டும்தான். அதில் இருக்கும் படங்களை ஹால் டிவியிலும், என் கம்ப்யூட்டரிலும், மாடியில் அண்ணியின் லேப்டாப்பிலும் திறந்து பார்க்கலாம்.

படங்களில் உள்ள முகங்களை அதுவே பிரித்து, வட்டம் வட்டமாக அடுக்கிக் காட்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே 'இவர் யார்?' என்று கேட்கும். பெயரை நாம்தான் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பு நாவல்கள் சிலவற்றில் முதல் பக்கத்திலேயே யாருக்கு யார் என்ன உறவு என்று போட்டிருப்பார்கள். கதையைவிட எனக்கு அந்தப் பக்கம் பிடிக்கும். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று செய்யலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. ஒரு பெயர்கூட எழுதவில்லை.

மறுநாள் அண்ணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஏழு மாத வயிறு. இதற்கு முன் ஒன்று தங்காமல் போய்விட்டதால், அவர் படியில் கால் வைத்தாலே எங்களுக்குப் பயம்.

"ஏன் பாரதி, எனக்குப் பேரு இல்லையா?"

திருப்பிக் காட்டினார். அவர் முகத்துக்குக் கீழே, 'மருமவன் பொண்டாட்டி' என்று இருந்தது.

"நான் எழுதலைங்க அண்ணி."

"அப்ப உங்கண்ணன் ஓசூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்து எழுதுனாரா?"

"சத்தியமா நான் இல்லைங்க."

"இந்த வூட்டுக்கு வந்து மூணு வருசமாச்சு. இன்னும் நான் யாரோ ஒருத்தன் பொண்டாட்டிதான்."

அன்று மாலை அவர் கம்பைநல்லூரில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் அழுதது எனக்குக் கேட்டது. வளைகாப்பு வரைக்கும் இருக்க முடியாது, இந்த வாரமே பஸ் ஏறி வந்துவிடுகிறேன் என்றார். பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் போய், வழியில் ஏதாவது ஆனால்... அந்தப் பழி என் தலையில்தான் விழும்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அண்ணி மேல்தான் சந்தேகம். ஊருக்குக் கிளம்ப ஒரு சாக்கு வேண்டி அவரே எழுதியிருக்கலாம். அவருக்கு என் மேல் சந்தேகம். அப்பாவைக் கேட்டோம். "எனக்கு டிவில சத்தம் கூட்டவே நீங்க வரணும். நானு எழுதறனா?" என்று சிரித்தார்.

அடுத்த நாள் அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனபிறகு, நான் மாடிக்குப் போய் அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெயர்கள் கூடியிருந்தன.

என் முகத்துக்குக் கீழே 'மருமவ'. அண்ணன் முகத்துக்கு 'மருமவன்'. அப்பாவின் முகத்துக்கு 'தம்பி'. எப்போதோ செத்துப்போன தாத்தாவின் முகத்துக்கு 'அப்பா'.

அண்ணிதான் முதலில் கவனித்தார்.

"தம்பி மவனை மருமவன்னு யாரு சொல்லுவா? அத்தைதான சொல்லுவா?"

எனக்கு அத்தை கிடையாது. அப்பா ஒற்றைப் பிள்ளை. விசேஷங்களில் அத்தை முறைக்கு எங்காவது தூரத்து உறவில் ஒருத்தரைத் தேடிப் பிடிப்போம்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எழுதியது என்று அவனால் பார்க்க முடியும். ஓசூரில் இருந்தபடியே திறந்து பார்த்தான்.

"படிக்கு அடியில இருக்கறதுலயே எழுதுன மாதிரி காட்டுது. யாருடி அதுக்கு கீபோர்டு மாட்டுனது?"

"யாரும் மாட்டல."

"வெளையாடாத பாரதி. அப்ப எப்படி..."

அப்போது கரண்ட் போனது.

மணி 2.40. ஃபேன் நின்றது. நெட் பெட்டியின் விளக்கு அணைந்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்தது. கீழே இருக்கும் கம்ப்யூட்டரும் அணைந்திருக்க வேண்டும். இனி எதுவும் மாறக் கூடாது.

மாறியது.

பாட்டியின் முகம். அதற்குக் கீழே ஓர் எழுத்து வந்தது.

அ...

புதிதாக எழுதப் பழகுகிறவர் போல, நிறுத்தி நிறுத்தி...

ம்...

மா.

கீழிருந்து சத்தம் வந்தது.

கிர்ர்... டக்.

கிர்ர்... டக்.

"கரண்ட் இல்ல பாரதி."

"தெரியுதுங்க."

"அப்ப அது எப்படி ஓடுது?"

அண்ணி என் கையைப் பிடித்தார். "போவாத." எங்களுக்குள் இருந்த சந்தேகம் அந்த நொடியில் போய்விட்டது. வேறொன்று வந்து உட்கார்ந்தது.

நான் இறங்கினேன்.

கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

சத்தம் மட்டும்.

கை வைத்தேன். சூடு. இரும்பின் சூடு இல்லை. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி... மெத்தென்று.

வயர்களைப் பிடுங்கினேன்.

நின்றது.

அண்ணி ஊருக்குப் போகவில்லை. வளைகாப்பு எங்கள் வீட்டிலேயே நடந்தது. பாட்டியின் தங்கை சாலம்மாள், வத்தல்மலை அடிவாரத்திலிருந்து வந்திருந்தார். தனியாக இருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"ஆயா, அப்பாவுக்கு அக்கா யாராச்சும் இருந்தாங்களா?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உங்கப்பனுக்கே தெரியாது. உனக்கு யாரு சொன்னது? மொத புள்ள பொட்டப்புள்ள. பேரு வெக்கறதுக்குள்ள காச்சல்ல போயிருச்சு. பேரு இல்லாததுக்கு என்னத்த கும்புடறதுன்னு படையல்ல ஒரு எலகூடப் போடல. அப்படியே உட்டுட்டாங்க."

இதை அண்ணனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். வயர்களை மறுபடி மாட்டினான்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, ஒரு குறையும் இல்லை என்றார்கள். அண்ணன் எடுத்த முதல் போட்டோ அவன் போனிலிருந்து தானாகவே வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. நான் ஆசையாகத் திறந்தேன். மூடிய கண்கள். சுருட்டிய கை. புதிதாக ஒரு வட்டம்.

பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என்ன பெயர் வைப்பது என்று யாரும் பேசக்கூட இல்லை.

வட்டத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

நான்.