இரண்டு விரல் ஜாஸ்தி

என் தாத்தா பினாங்கில் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் கப்பலேறிவிட்டதால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆம்பூர்த் தோல் ஷாப்பில், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவருக்கு அங்கே ஒரு செருப்புக் கடையில் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை என்று, அதே ஷாப்பில் நின்று வேலை செய்யும் நைனா சொல்வார். என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். தன் அப்பாவைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசமாட்டார்.

எனக்கோ கேள்விகள் தீராது. தாத்தா நெட்டையா, குட்டையா? அங்கே சோறு கிடைக்குமா? நமக்கு விடியும்போதுதான் அவருக்கும் விடியுமா?

"கடுதாசி வரும், அதுல பாத்துக்கோ" என்பார் நைனா.

கடுதாசியில் ஒன்றும் இருக்காது. தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. அங்கே யாரோ எழுதித்தர, இங்கே தபால்காரர் படித்துக்காட்டுவார். யாவரும் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும் என்பதோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் பழைய கடுதாசிகளையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவற்றில் தாத்தா எங்கேயும் அகப்படவில்லை.

ஒரு கடுதாசியில் மட்டும் புதிதாக ஒரு வரி இருந்தது. 'பையன் கால் அளவு அனுப்பவும், செருப்புத் தைத்து அனுப்புகிறேன்.'

நைனா தரையில் காகிதத்தை விரித்து, அதன்மேல் என்னை நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். எனக்குக் கூசியது.

"ஆடாதடா! உனக்கு ஆறு விரலுன்னு நெனச்சிக்கப் போறாரு."

பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு போட்டார்.

"இன்னாத்துக்கு நைனா ஜாஸ்தி போடுற?"

"வளர்ற காலுடா. செருப்பு வந்து சேர்றதுக்குள்ள பத்தாம போய்டுச்சுன்னா?"

அம்மா எட்டிப் பார்த்தாள். "அப்டியே இன்னொரு விரல் போடேன். அடுத்த வருசத்துக்கும் ஆவும்."

அதையும் போட்டார். காகிதம் அழுக்காகிவிட்டதென்று வெளிக்கோட்டை மட்டும் வேறொரு காகிதத்தில் படியெடுத்து உறைக்குள் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. செருப்பு வரவில்லை. 'அளவு கிடைத்தது. பையன் பெரிய ஆளாகிவிட்டான். இனிப் பள்ளிக்கூடம் எதற்கு? எனக்குத் துணை இல்லை. இங்கிருந்து தெரிந்தவர் ஒருவர் ஊருக்கு வருகிறார். திரும்பும்போது அவரோடு அனுப்பு.'

அதை நான்தான் உரக்கப் படித்தேன். அந்த வரிகளை விழுங்கிவிட்டிருக்கலாம். ஆனால் தாத்தா தாமாகப் பேசியது போல் இருந்ததே அவைதான்.

என் வயதை யாரும் தாத்தாவுக்கு எழுதியதில்லை. காலைப் பார்த்து ஆளை மதிப்பது தாத்தாவுக்குத் தொழில் வேறு.

"எட்டு வயசுப் புள்ளய எவனாவது கப்பலேத்துவானா?" என்றாள் அம்மா.

"அவரு சொல்லி நான் மாட்டேன்னதில்ல."

"அப்போ நீ போய்ட்டு வா. உனக்குத்தான் பெரிய காலாச்சே!"

நைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்த்தார். "நீ இன்னாடா சொல்ற?"

தாத்தாவைப் பார்க்க எனக்கு ஆசை. பள்ளிக்கூடத்தை விடவும் மனமில்லை. இரண்டையும் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்து, "அத நீயே அவருக்கு எழுது. என் வாயால என்னால சொல்ல முடியாது" என்றார்.

அதுதான் நான் எழுதிய முதல் கடுதாசி. நைனாவின் இடுப்புக்குச் சற்று மேல்தான் என் உயரம் என்று எழுதினேன். நைனா ஒரு விரல் கூட்டினார், அம்மா சொல்லி இன்னொரு விரல் கூட்டினார் என்றும் எழுதினேன்.

"என்ன ஏண்டா இழுக்குற அதுல?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். காகிதத்தில் இடம் மீதி இருந்தது. என் கேள்விகளையெல்லாம் அதில் நிரப்பினேன்.

பினாங்குக்காரர் ஊருக்கு வந்துவிட்டார். புறப்படும் நாளையும் சொல்லி அனுப்பினார். பதில் வராவிட்டால் நான் அவரோடு போயாக வேண்டும். அம்மா என் துணிகளைத் துவைத்து மூட்டை கட்டி வைத்தாள். தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் அந்த மூட்டையைத் திரும்பிப் பார்ப்பேன்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது கடுதாசி வந்தது. மேல்விலாசத்தில் என் பெயர்.

'அளவெடுக்கிறவன் உள்ளதை உள்ளபடி எடுக்க வேண்டும். கூட்டுவது தைக்கிறவன் வேலை. இது தெரியாத உன் அப்பன் தோல் ஷாப்பிலேயே இருக்கட்டும். நானும் வழக்கப்படி ஒரு விரல் கூட்டித் தைத்துவிட்டேன். அந்தச் செருப்பு எனக்கே சரியாக இருக்கிறது, மாட்டிக்கொண்டு திரிகிறேன். நீ வரவேண்டாம், படி. நான் குட்டை. சோறு உண்டு, புளிதான் நம் ஊர்ப் புளி இல்லை. இங்கே உங்களுக்கு முன்பே விடிந்துவிடும் என்று கப்பல்காரர்கள் சொல்கிறார்கள். எழுதித்தருகிறவர் உன் கடுதாசியை மூன்று தடவை படித்துக்காட்டி என்னை வைகிறார். அது கிடக்கட்டும். மூன்றாம் வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்?'

அம்மா மூட்டையை அவிழ்த்தாள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். வாய்ப்பாடு, கண்டங்கள், மழை எப்படிப் பெய்கிறது என்று நான்காவது காகிதம் வரைக்கும் போனது.

நைனா பின்னால் வந்து நின்று பார்த்தார். "இன்னாடா, இவ்ளோவா படிக்கிற நீ?"