கடப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ஒரு பஸ் பயணம்

ஆலம்பரைக் கோட்டை பார்க்கக் கடப்பாக்கம் போவது எப்படி என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். நான் அங்கே முதலில் போனது கோட்டை பார்க்க அல்ல. தொண்ணூறுகளின் கடைசி, ஓர் ஆடி மாதம். ஆட்சியை எதிர்த்துப் பேசினாலே வழக்குப் பாய்ந்த நேரம். என் மனைவி வசந்தி வக்கீல். அப்படி மாட்டியவர்களுக்காகவே வாதாடினாள். நானோ அரசாங்கச் சம்பளக்காரன். அவளோடு போவதே என் வேலைக்கு ஆபத்து.

கடப்பாக்கத்து மீனவர் ஏழுமலை, கடற்கரை நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று கூட்டம் போட்டதற்காகப் போலீஸ் தேடியவர். அவருடைய கூட்டாளி ஒருவர் போலீஸ் காவலிலிருந்து கால் உடைந்து திரும்பியிருந்தார். ஏழுமலைக்கும் அது நடக்குமுன் செங்கல்பட்டு மாஜிஸ்திரேட் முன் அவரைச் சரணடைய வைக்க வேண்டும்.

நான் வாடகைக் கார் பேசி வைத்திருந்தேன். வசந்தி வேண்டாம் என்றுவிட்டாள்.

"இன்னாம்மா, பஸ்ஸுல போனா ஊரே பாக்குமே?" என்றார் ஏழுமலை.

"பாக்கட்டும்ண்ணே. வழியில போலீஸ் கார நிறுத்தி உங்கள இறக்கிட்டா, பாக்க ஆளே இருக்காது."

காலை ஏழு மணி பஸ். செய்யூர், மதுராந்தகம் வழியாகச் சுமார் அறுபது கிலோமீட்டர். மதுராந்தகம் தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. படாளத்தில் ஒரு ஜீப் குறுக்கே வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஏறி ஏழுமலையின் சட்டையைப் பிடித்தார். "எறங்குடா."

போலீஸ் மறித்தால் சொல்ல நான் ஒரு பொய் யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் வசந்தி எழுந்து கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி பேசினாள்.

"இவர் பேர் ஏழுமலை, ஊர் கடப்பாக்கம். நான் இவரோட வக்கீல். கோர்ட்டுல சரணடையப் போறாரு. உடம்புல ஒரு காயமும் இல்ல, எல்லாரும் பாத்துக்குங்க. சார், நீங்களும் இதே பஸ்ஸுல வாங்க."

பூக்கூடையோடு முன் சீட்டில் இருந்த அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "பாத்துகினுதான் கீறோம் சார். அவரு மேல கைய வெக்காத."

பின்னாலிருந்தும் நாலு குரல் எழுந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். இன்ஸ்பெக்டர் சட்டையை விட்டார், ஆனால் இறங்கவில்லை. செங்கல்பட்டு வரை எங்கள் சீட்டை ஒட்டியே நின்று வந்தார்.

மாஜிஸ்திரேட், உடம்பில் காயம் இல்லை என்று பதிவு செய்த பிறகே ஏழுமலையைச் சிறைக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து, தன் இரண்டு காலில் நடந்து ஜாமீனில் வெளியே வந்தார். எனக்கு ஆபீஸில் விசாரணை நடந்தது; வேலை தப்பியது.

அன்று கோர்ட் வராந்தாவில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க வசந்தியால் முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

கோட்டைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், அங்கே நிழல் கிடையாது. யாரையாவது சரணடைய அழைத்துப் போகிறவர்கள் பகலில், கூட்டமான பஸ்ஸில் போங்கள். ஜீப் மறித்தால் அவர் பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, நாலு பேர் காதில் விழுந்தால் போதும்.