சரிபாதியும் மாமன் மடியும்

எனக்குக் காது குத்திய வருஷம்தான் தாத்தா இறந்தார். அம்மாவின் அப்பா. உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காட்டிலேயே சாய்ந்துவிட்டார். உயில் எதுவும் இல்லை. அதெல்லாம் சாகப்போகிறவர்கள் எழுதுவது என்று நினைத்திருப்பார் போலும்.

நாகலாபுரம் பக்கத்தில் அவர் பாடுபட்டு வாங்கிய கரிசல் காடு இருந்தது. பாட்டி முன்பே போய்ச்சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் என்று மாமாவும் அம்மாவும்தான். பதினாறாம் நாள் மாமாவின் தலையில் உருமா கட்டினார்கள். தலையில் துண்டு ஏறியதுமே காடும் அவருக்குத்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. பட்டா மாற்றப் போன இடத்தில் கிராம அதிகாரி வேறு மாதிரி சொன்னாராம். உயில் இல்லாவிட்டால் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. தங்கை விட்டுக்கொடுத்துப் பத்திரம் பதிந்தால்தான் முழுதும் அண்ணனுக்கு.

மாமா எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குப் பட்டுச்சேலை, எனக்குக் கடலைமிட்டாய். கோவில்பட்டிக்கே கடலைமிட்டாய் வாங்கிவந்த ஒரே மனிதர் அவர்தான்.

"ஏட்டி, ஒரு கையெழுத்துதான. நாளைக்குப் பத்திர ஆபீசுக்கு வந்துரு."

அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா சேலையைப் பிரிக்கவில்லை.

"அவிய எனக்கும் அப்பாதானண்ணே. எம்புள்ளைக்கு ஒண்ட ஒரு எடம் வேணும். கையெழுத்து போடமாட்டேன்."

"அப்போ அண்ணன் வேண்டாம்னு சொல்லுத."

மாமா சேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஒரு போன்கூட இல்லை.

என் கவலை காதுகுத்தைப் பற்றித்தான். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவார்கள். இனி மடிக்கு எங்கே போவது? அம்மாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். பெயர் எழுத எனக்கே தெரியும், அவளுக்கு என்ன கேடு?

ஆனால் மாமா வந்தார். கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்து உட்கார்ந்தார். என்னை மடியில் இழுத்து, தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். தோடும் அவரே கொண்டுவந்திருந்தார். துளிர்த்த ரத்தத்தைத் தன் துண்டால் ஒற்றிவிட்டு எழுந்தார்.

பந்தியில் அவருக்கு இலை போட்டுவிட்டு அம்மா ஓடிவந்தாள். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போண்ணே."

"வாரேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

இன்று நாங்கள் இருக்கும் வீடு அம்மாவுக்கு வந்த அந்தப் பாதியில் கட்டியதுதான். அன்றைக்கு அவள் பந்தி கலைந்த பிறகும் அந்த இலையை யாரையும் எடுக்கவிடவில்லை. மாமா வந்துவிட்டார், சண்டை தீர்ந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும்மா. அடுத்த தடவ சாப்பிடுவாவ" என்று சமாதானம் சொன்னேன். முறையைக் குறையில்லாமல் செய்துவிட்டுக் கை நனைக்காமல் போகிறவர் மறுபடி வரமாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.