பாத்தனியோ, பாத்தனான்

அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று பாடினால் எதிரொலி வராது. இதைக் கண்டுபிடித்தவன் என் கூட்டாளி. ஈஸ்ட் ஹாமில் அவனுடைய சித்தப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு களஞ்சிய அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மூட்டைகளைச் சுவரோடு அடுக்கி, விளக்குக் கொழுவியில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு, நாங்கள் இருவரும் ராப் பாடிப் பதிவு செய்தோம். அவன் பாரிசில் வளர்ந்து பதினான்கு வயதில் லண்டன் வந்தவன். ஆங்கிலம் அவனுக்கு வாயில் நிற்காது, அதனால் தமிழில் பாடினான். நான் இங்கேயே பிறந்தவன். அப்போது என்னிடம் இருந்தது சோறு கேட்கும் அளவுத் தமிழ், அதனால் ஆங்கிலத்தில் பாடினேன். இன்று நான் எழுதும் தமிழ் அவனோடு சண்டை பிடித்துப் பிடித்துக் கற்றது.

எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. தமிழ் வானொலிக்காரர் ஒருவர் மட்டும் போன் எடுத்து, "தம்பி, இது பாட்டோ, ஏச்சோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். எங்கள் பாட்டுகள் பஸ்ஸின் மேல்தட்டிலும் பள்ளிக்கூட வாசலிலும் ப்ளூடூத் வழியாக ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவின. அதுவே எங்களுக்குப் பெரிய புளுகம், சந்தோசத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

2009 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, கடைக்குப் பின்னாலிருந்த கார் பார்க்கில் எங்கள் வயதுப் பையன் ஒருவனை நான்கு பேர் ஹொக்கி மட்டையால் அடித்தார்கள். ஆற்றுக்குத் தெற்குப் பக்கத்துத் தமிழ்ப் பொடியள். ஒரு பெண்ணுக்கு அனுப்பிய மெசேஜ்தான் காரணம் என்று பிறகு சொன்னார்கள். முழங்கால் உடைந்த சத்தம் எனக்கு இன்றும் கேட்கும், காய்ந்த முருங்கைக் கொப்பை முறித்த மாதிரி. இறைச்சிக் கடை வரிசையில் நின்ற சனம் முழுக்க அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டது. நான் சுவரோரம் குனிந்து, தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தேன். கூட்டாளி என்னைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டு களஞ்சிய அறைக்குள் போனான். அன்றே அந்தப் பாட்டு வந்துவிட்டது. வெள்ளி நிறக் கார், மட்டையில் சுற்றியிருந்த நீல டேப், உடைந்த கால் எல்லாம் அதில் இருந்தன. பார்த்தாயா என்று அவன் "பாத்தனியோ?" கேட்பான், பார்த்தேன் என்று நான் "பாத்தனான்" என்பேன். என் வாயில் வந்த முதல் தமிழ் வரி அதுதான்.

அந்த வசந்தகாலத்தில் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. லண்டன் தமிழ்ச் சனம் வேலையை விட்டு, பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பாராளுமன்றத்துக்கு முன்னால் தெருவில் இருந்தது. உலகமே பார்த்துக்கொண்டா இருக்கிறாய் என்று கத்தி என் அம்மாவின் தொண்டை கட்டிப்போயிற்று. அங்கே பொடியள் எங்கள் வரியை எடுத்துக்கொண்டார்கள். தெருவின் ஒரு கரை "பாத்தனியோ?" என்று கேட்க, மறுகரை "பாத்தனான்" என்றது. நாங்கள் பாடிய ஆகப் பெரிய மேடை அது. மைக் இல்லை, காசும் இல்லை, நான் நின்று அழுதேன்.

வைகாசியில் எல்லாம் முடிந்துபோனது. சனம் வீட்டுக்குள் அடங்கியது. வைத்திருந்த கொண்டாட்டங்களை எல்லாரும் தள்ளிப்போட்டார்கள். ஆவணி பிறந்ததும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. எங்கள் பாட்டும் அதற்குள் ஆற்றைத் தாண்டி அந்த மட்டைக்காரரின் காதுக்குப் போய்விட்டது. சித்தப்பாவின் கடைக் கண்ணாடியைச் செங்கல்லால் உடைத்தார்கள். திரும்பக் கண்ணாடி போட, திரும்ப உடைத்தார்கள். சித்தப்பா எங்களைக் கூப்பிட்டு, "பாட்டை விடுங்கோடா, இல்லாட்டி என்ரை கடையை விடுங்கோ" என்றார்.

அப்போதுதான் அந்தச் சாமத்திய வீட்டுக்கு அழைப்பு வந்தது. வயதுக்கு வந்து பெரியபிள்ளையான சிறுமிக்குப் பல்லக்கு வேண்டாமாம், குதிரை வண்டி வேண்டாமாம், அந்த அண்ணாமார் வந்து பாட வேண்டுமாம். குதிரையைவிட நாங்கள் மலிவு என்று தகப்பன் சம்மதித்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். மண்டபம் நிறையச் சனம். மேடையில் பொன்நிற அரியணை மாதிரி ஒரு கதிரை, அதில் சேலையும் நகையும் பூவுமாகச் சிறுமி. எழும்பினால் சோடனை குலைந்துவிடும் என்று ஆடாமல் அசையாமல் இருத்தி வைத்திருந்தார்கள். ஆனால் நாங்கள் தொடங்கியதும் அவள் வாய் மட்டும் எங்களோடு சேர்ந்து ஒவ்வொரு வரியாகப் பாடியது.

இரண்டாம் சரணத்தில் பின்கதவு திறந்தது. நால்வர் வந்தார்கள், மூவரிடம் மட்டை, ஒருவனிடம் நீளமான வாள். சனம் மேசைகளைக் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. முதல் மட்டை என் கூட்டாளியின் தாடையில் விழுந்தது. அவன் வாயிலிருந்து இரத்தமும் பல்லும் மைக்கின் மேல் கொட்ட, ஸ்பீக்கர் கொப்பளிக்கிற சத்தம் போட்டது. நான் ஒருவன்மேல் பாய்ந்து, அவன் காதைப் பிடித்துத் திருகி, தலையைத் தரையில் மோதினேன். வெறிதான். அப்போது முதுகில் உதை விழுந்து குப்புற விழுந்தேன். திரும்பிப் பார்க்க, வாள்காரன் எனக்கு மேலே இரண்டு கையாலும் வாளை ஓங்கியிருந்தான்.

குத்துவிளக்கைத் தெரியும்தானே, புரிகளைக் கழற்றினால் துண்டு துண்டாக வரும். என் கூட்டாளி மேடையில் நின்ற விளக்கின் தண்டைத் திருகி எடுத்திருந்தான். எண்ணெயும் எரிகிற திரியும் கம்பளத்தில் கொட்டின. அவன் பித்தளைத் தண்டால் வாள்காரனின் கையில் அடித்தான். எலும்பு முறிந்தது, வாள் விழுந்தது, அவனும் விழுந்தான். மற்ற மூவரும் ஓடிவிட்டார்கள். அதோடு முடிந்திருக்கலாம். கூட்டாளி தொங்கிய தாடையோடு, விழுந்து கிடந்தவனின் முகத்தில் இன்னொரு தரம் அடித்தான். அடி விழுந்த கண்ணின் பார்வை பிறகு திரும்பி வரவில்லை.

கூட்டாளியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே பொலிஸ் கைது செய்தது. வழக்கறிஞர் எங்களுக்கு விளக்கமாகச் சொன்னார்: ஒரு அடி என்றால் என் உயிரைக் காத்தது, வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது அடி என்றால் மறியல், கம்பிக்குப் பின்னால், அதுவும் வருடக் கணக்கில். நான் ஒரு அடி என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வாள்காரன் தனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்றான். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

மற்றவர்களைப் பொலிஸ் விசாரித்தபோது ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் டொய்லெட்டில் நின்றதாகச் சொன்னார்கள். அந்த மண்டபத்தில் இருந்தது ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று. அதற்குள் அவ்வளவு சனமும், ஐயரும், சமையல்காரரும், வாசலில் பன்னீர் தெளித்த பிள்ளைகளும் அடைந்து நின்றிருக்கிறார்கள். வீடியோக்காரர் கொடுத்த பிரதியில் நாங்கள் பாடுகிறோம், திரையில் ரோசாப்பூக்கள் விரிகின்றன, பூக்கள் ஒதுங்கினால் முன்னமே வெட்டிய கேக்கை வெட்டுகிறார்கள், அடிபாட்டைக் காணோம். உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று தெருவில் கிடந்து குழறிய அதே சனம். எனக்கு அவர்கள்மேல் கொதி. ஆனால் அந்த முறை அவர்களின் பொய் எங்களுக்கு உதவியது, அதனால் பொத்திக்கொண்டு இருந்தேன்.

டொய்லெட்டில் நின்றேன் என்று சொல்ல முடியாத ஆள் ஒன்றே ஒன்று. அந்தக் கதிரையில் இருந்தவள்.

தகப்பன் தடுத்தார், தாய் அழுதாளாம். அவள் பள்ளிக்கூட ரீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அடுத்த வருடம், அவள் பொலிசிடம் கமராவுக்கு முன்னால் பேசியதை வழக்கில் திரையில் போட்டார்கள். பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல், நெற்றியில் பரு. பொலிஸ்காரி ஆங்கிலத்தில், நீ அதைப் பார்த்தாயா என்று கேட்டாள். சிறுமி யோசிக்காமல் தமிழில் "பாத்தனான்" என்றாள். பிறகு தானே வெட்கப்பட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். வாளை ஓங்கியதைச் சொன்னாள். முதல் அடி இல்லாவிட்டால் மற்ற அண்ணா செத்திருப்பார் என்றாள். இரண்டாவது அடியையும் சொன்னாள். அப்போது அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்க, சும்மா படுத்திருந்தான் என்றாள்.

அவளை நான் மனதுக்குள் ஏசாத ஏச்சு இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலை மெல்ல மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது, களஞ்சிய அறையில் தாளம் பிடிக்கிறபோது ஆட்டுவானே, அப்படி.

தண்டனை வருடக் கணக்கில்தான் கிடைத்தது. முதல் தரம் மறியலுக்குப் பார்க்கப் போனபோது அவன் மெலிந்திருந்தான். கம்பி போட்டுக் கட்டிய தாடை கோணலாகப் பொருந்தியிருந்தது, 'ர' சரியாக வரவில்லை. இனிப் பாட ஏலாது என்பது அவன் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆத்திரம் பொறுக்காமல் அந்தச் சிறுமியைத் திட்டத் தொடங்கினேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அவளை ஏன் பேசுறாய்? ரெண்டு தரம்தானே அடிச்சனான். நீயும் பாத்தனிதானே மச்சான்?"

"ரெண்டாவதுக்கு நான் டொய்லெட்டுக்குப் போயிட்டன்" என்றேன்.

அவன் கோணல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். காவலாளி எங்களைத் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தான்.